ஆல்பம் வேறு, செஷன் வேறு: எலெக்ட்ரிக் ஜாஸ் ஃபியூஷனுக்குப் புதிதாக வருபவருக்கு

எலெக்ட்ரிக் ஜாஸ் ஃபியூஷன் என்றால் ஜாஸோடு ராக்கைக் கலந்து, மின் வாத்தியங்களில் வாசிக்கும் இசை. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ 1969 ஜூலையில் எல்பியாக, அதாவது பெரிய இசைத்தட்டாக வந்தபோது மொத்தமே 38 நிமிடம். 2001இல் ‘முழு செஷன்கள்’ என்று அதற்கு ஒரு பாக்ஸ் செட் வந்தது; மூன்று சிடி. ‘பிட்சஸ் ப்ரூ’ இரட்டை எல்பி, அதன் பெட்டி நான்கு சிடி. ‘ஜாக் ஜான்சன்’ ஆல்பத்தில் இரண்டே டிராக், பெட்டியிலோ ஐந்து சிடி. ‘ஆன் தி கார்னர்’ பெட்டிக்கு ஆறு. புதிதாகக் கேட்க வருபவர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார். ஆறு சிடிதான் முழுமை என்றால், கடையில் விற்ற எல்பி அரைகுறையா? ஒரிஜினல் எது? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பழைய ரசிகர்கள் இதைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை புரிய வேண்டுமானால் ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். இந்த ஆல்பங்களில் பலவற்றில், இசைக்கலைஞர்கள் வாசித்து முடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் பாட்டு உருவானது. ஸ்டூடியோவில் நடந்தது மூலப்பொருள் சேகரிப்பு. அதை வெட்டி, ஒட்டி, சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்து வடிவம் கொடுத்தவர் தயாரிப்பாளர் டியோ மசேரோ. அவர் ஜூலியார்டில் படித்தவர், சாக்ஸஃபோன் வாசிப்பவர், இசையமைப்பாளரும்கூட. பிளேடைக் கையில் எடுத்தவருக்கு எந்த ஸ்வரம் எங்கே முடிகிறது என்று தெரிந்திருந்தது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான்.

அன்றைய நியூயார்க்கில் இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி ஒரு ‘செஷன்’ என்பது வழக்கமாக மூன்று மணி நேரம். ‘பிட்சஸ் ப்ரூ’வுக்கு 1969 ஆகஸ்ட் 19, 20, 21 என்று அடுத்தடுத்து மூன்று காலைகள் கூடினார்கள். உட்ஸ்டாக் ராக் இசைவிழா முடிந்த மறுநாள் காலை முதல் செஷன். இடம் நியூயார்க்கின் 52ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டூடியோ பி. ஒரு முறை டேப்பை ஓடவிட்டு நிறுத்துவது வரை உள்ளது ஒரு ‘டேக்’. டேக்குகளை வெட்டி ஒட்டி, வெளியிடத் தயாராக்கிய டேப் ‘மாஸ்டர்’. அதில் இடம்பெறாமல் அலமாரிக்குப் போனது ‘அவுட்டேக்’. ஒரு டிராக் ஒரே டேக்காக இருக்கலாம். ஒன்பது துண்டாகவும் இருக்கலாம், இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் வாசித்ததாகக்கூட இருக்கலாம். உறையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

டேப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டூடியோ டேப் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும், அதாவது 38 சென்டிமீட்டர். 2,500 அடி உள்ள ஒரு பெரிய ரீல் அந்த வேகத்தில் சுமார் 33 நிமிடம் தாங்கும். பழைய ஜாஸ் பதிவில் நான்கைந்து நிமிடப் பாட்டு ஒன்றை வாசிப்பார்கள், தயாரிப்பாளர் நிறுத்தச் சொல்வார், பிடிக்கவில்லை என்றால் இன்னொரு டேக். இந்த எலெக்ட்ரிக் செஷன்களில் டேப்பை ஓடவிட்டுவிட்டார்கள். ஒத்திகை எது, டேக் எது என்ற கோடு அழிந்தது. மைல்ஸ் கையால் சைகை காட்டுவார், பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் வாத்தியம்) ஒரு வரியைப் பிடிக்கும், மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள். இருபது நிமிடம் கழித்து அடங்கும். அந்த இருபதில் பன்னிரண்டு பிரமாதமாக இருக்கும், மூன்று நிமிடம் எல்லோரும் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தை என்ன செய்வது என்பதுதான் மசேரோவின் வேலை.

எந்த இசையையும் இப்படி வெட்ட முடியாதா என்று கேட்கலாம். முடியாது.

வழக்கமான ஜாஸ் பாட்டு பெரும்பாலும் 32 அளவுகள் (‘பார்’ எனப்படும் தாள அலகுகள்) கொண்ட ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறிக்கொண்டே போகும், சுற்று முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து. அதை வெட்ட வேண்டுமானால் ஒரு சுற்றின் 9ஆவது அளவை இன்னொரு சுற்றின் 9ஆவது அளவோடுதான் ஒட்டலாம். இடம் மாற்றி ஒட்டினால் பேஸ் ஒரு கார்டில் இருக்கும், பியானோ வேறு கார்டில் நிற்கும். எவருக்கும் காதில் இடறும். ஃபியூஷனில் பெரும்பாலும் கார்டுச் சுற்றே கிடையாது. ஒரே சுருதி மையத்தின் மேல் ஒரு பேஸ் வரி சுழன்றுகொண்டே இருக்கும். இதை ‘வாம்ப்’ என்பார்கள். தம்பூரா சுருதியின் மேல் ஆலாபனை போவதை நினைத்துக்கொண்டால் போதும், இங்கே சுருதியோடு தாளமும் சேர்ந்து சுழல்கிறது. அப்படியான இசையில் 4ஆவது நிமிடத்தின் முதல் தட்டை 17ஆவது நிமிடத்தின் முதல் தட்டோடு ஒட்டலாம். சுருதி ஒன்று, பேஸ் வரி ஒன்று, வேகம் ஏறத்தாழ ஒன்று. காது ஏற்றுக்கொள்ளும்.

ஏறத்தாழ என்று சொன்னதில்தான் சிக்கல். உற்சாகம் ஏற ஏற இசைக்குழு தானறியாமல் வேகம் கூட்டும். 17ஆவது நிமிடம் 4ஆவது நிமிடத்தைவிடக் கொஞ்சம் விரைவாக இருக்கும். ஒட்டிய இடத்தில் தரை லேசாக நழுவுவது போலத் தோன்றும். தொழில் தெரிந்தவர்கள் அதை மறைக்க, புதிதாக ஒரு சோலோ தொடங்கும் இடத்தையோ ட்ரம்ஸ் ஓங்கி அடிக்கும் இடத்தையோ பார்த்து வெட்டுவார்கள். கவனம் அங்கே போய்விடும்.

வெட்டுவதும் கைவேலைதான். டேப்பை மெஷினின் ஹெட்டின் (டேப்பைப் படிக்கும் பகுதி) மேல் கையால் முன்னும் பின்னும் மெதுவாக இழுத்தால் ஒலி உறுமலாகக் கேட்கும். ட்ரம் அடி தொடங்கும் புள்ளியை அப்படிக் கண்டுபிடித்து, டேப்பின் முதுகில் மெழுகுப் பென்சிலால் குறிப்பார்கள். பிறகு பள்ளம் வெட்டிய ஒரு உலோகக் கட்டையில் டேப்பைப் படுக்க வைத்து, அதிலுள்ள சாய்வான கீறல் வழியாக பிளேடை இழுப்பார்கள். அடுத்த துண்டையும் அதே சாய்வில் வெட்டி, இடைவெளியோ மேலேற்றமோ இல்லாமல் முட்டவைத்து, பின்பக்கம் ஒட்டுநாடா. நேர்க்கோட்டில் வெட்டாமல் சாய்த்து வெட்டுவதற்குக் காரணம் உண்டு. கால் அங்குல டேப்பை 45 டிகிரியில் வெட்டினால், முதல் துண்டு மறைந்து இரண்டாவது வருவது ஒரே கணத்தில் நடக்காது. நொடிக்கு 15 அங்குல வேகத்தில் அது 60இல் ஒரு நொடி, சுமார் 17 மில்லி செகண்ட் பரவி நடக்கும். நேராக வெட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வரும், சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எட்டு ஒலித்தடங்களைப் பக்கம்பக்கமாகத் தனித்தனியே பதியும் ஒரு அங்குல அகல டேப்பை அதே 45 டிகிரியில் வெட்டினால் மேல் தடத்துக்கும் கீழ்த் தடத்துக்கும் இடையே 60 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் விழும். ட்ரம்ஸ் ஒரு கணத்திலும் ட்ரம்பெட் வேறு கணத்திலும் மாறும். ஆகவே பலதட டேப்பை அப்படி நுணுக்கமாக வெட்டுவது தொல்லை. இரண்டு தடமாகக் கலந்த டேப்பில் வெட்டுவதே வசதி.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ‘பிட்சஸ் ப்ரூ’ டைட்டில் டிராக்கில் 12 பேர், ‘ஃபேரோஸ் டான்ஸ்’ பதிவில் 13 பேர். இரண்டு ட்ரம் செட், இரண்டு பேஸ், இரண்டு மூன்று எலெக்ட்ரிக் பியானோ, பேஸ் கிளாரினெட், தாளவாத்தியங்கள். தடங்களோ எட்டு. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பதால் ட்ரம்ஸ் ஒலி ட்ரம்பெட்டின் மைக்கிலும் கசியும். ஒரு ஸ்வரம் பிசகினால் அதை மட்டும் அழிக்க முடியாது, அதன் நிழல் மற்ற தடங்களில் இருக்கும். எடுத்தால் அந்தக் கணத்தை முழுசாக எடுக்க வேண்டும். வெட்டு எல்லாவற்றையும் சேர்த்து வெட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இரண்டு டிராக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

‘இன் எ சைலன்ட் வே’ முழுவதும் 1969 பிப்ரவரி 18 அன்று, நியூயார்க் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. மூன்று கீபோர்டு: ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல். கிட்டார் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். டைட்டில் மெட்டு ஸாவினுலுடையது. அவர் எழுதியதில் கார்டுகள் நிறைய இருந்தன. மைல்ஸ் அவற்றைக் கழற்றிப் போட்டு, மெட்டை ஏறக்குறைய ஒற்றைச் சுருதியின் மேல் மிதக்கவிட்டார். பெட்டியில் ஒத்திகை டேக் ஒன்று இருக்கிறது. அதில் தாளம் சேர்ந்து ஓடுகிறது, இனிமையாகவும் இருக்கிறது, கேட்டு முடித்ததும் மறந்தும் போகிறது. எல்பியில் உள்ளதோ தாளமே இல்லாத நான்கு நிமிட மௌனம் போன்ற ஒன்று. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது, மைல்ஸ் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள இருக்கும் மிகக் குறுகிய வழி.

இப்போது எல்பியின் இரண்டாம் பக்கம். முதலில் அந்த நான்கு நிமிட மெட்டு. பிறகு வெட்டு. ‘இட்ஸ் அபவுட் தட் டைம்’ என்ற வாம்ப் தொடங்குகிறது, ட்ரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ் வெகுநேரம் அடக்கியே வாசித்து, பின்னால் ஒரு இடத்தில் மட்டும் வெடிக்கிறார். 15 நிமிடம் தாண்டியதும் மறுபடி அந்த மெட்டு. இரண்டாவது முறை யாரும் வாசிக்கவில்லை. தொடக்கத்து டேப்பை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ‘ஷ்ஷ்/பீஸ்ஃபுல்’ டிராக்கிலும் அதே கைவேலை. முதல் ஆறு நிமிடம்தான் கடைசி ஆறு நிமிடமாகத் திரும்ப வருகிறது. 38 நிமிட ஆல்பத்தில் சுமார் பத்து நிமிடம் ஏற்கெனவே கேட்டதுதான்! ஏமாற்று என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் இரண்டாம் முறை அந்த மெட்டு வரும்போது, நடுவில் கேட்ட புயலால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது. அதே ஒலி, வேறு கனம். மசேரோவின் காதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த டிராக்கைத் திறந்து, முதல் நான்கு நிமிடத்தை ஒரு தடத்திலும் கடைசி நான்கு நிமிடத்தை அதன் கீழ்த் தடத்திலும் வையுங்கள். கிட்டாரின் முதல் மீட்டலைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டின் தொடக்கத்தையும் ஒரே கோட்டுக்கு இழுங்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். தனித்தனியாக வாசித்ததாக இருந்தால் இரண்டு கிட்டார் கேட்கும், முன்பின்னாக. ஒரே டேப் என்றால் ஒற்றைக் கிட்டார்தான் கேட்கும், ஆனால் குழாய்க்குள் காற்று சுழல்வது போன்ற ஒரு ‘ஷ்ஷ்’ அதன் மேல் ஓடும். டேப் மெஷின்கள் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாததால் நகலும் மூலமும் சில மில்லி செகண்ட் விலகி விலகிச் சேர்வதன் விளைவு அது. ஒரு தடத்தைத் தலைகீழாக்கி இரண்டும் ஒன்றையொன்று அழிக்கிறதா என்று பார்க்கச் சிலர் முயல்வார்கள். முழு மௌனம் வராது. அதே வேக நழுவல்தான் காரணம், ஆகவே மௌனம் வராததை வைத்து ‘இது வேறு டேக்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

‘பிட்சஸ் ப்ரூ’வின் முதல் டிராக் ‘ஃபேரோஸ் டான்ஸ்’, 20 நிமிடம். இதுவும் ஸாவினுல் எழுதியது. இதில் 19 வெட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இசை கிளம்பி, நின்று, மறுபடி கிளம்புகிறதே, அது இசைக்குழு வாசித்த வடிவமே இல்லை. துண்டுகளை மறுபடி மறுபடி ஒட்டிச் செய்தது. 8:39இல் ஒரு நொடி நீளமுள்ள ஒரு துணுக்கு வருகிறது. 8:54க்கும் 8:59க்கும் இடையில் அதே துணுக்கு ஐந்து முறை அடுக்கப்படுகிறது. ஒரு நொடி என்றால் 38 சென்டிமீட்டர் டேப். அதை ஐந்து முறை நகலெடுத்து, ஐந்தையும் வரிசையாக ஒட்ட வேண்டும். இன்று கணினியில் ஒரு விசையை ஐந்து தடவை தட்டினால் ஆகிவிடும் வேலை. ஹெட்ஃபோன் போட்டு 8:30இலிருந்து கேளுங்கள். முதல் முறை ஏதோ சிடி மாட்டிக்கொண்டு திக்குவது போலிருக்கும். டைட்டில் டிராக்கில் 15 வெட்டு. 3 நிமிடம் கடந்ததும் 3:01, 3:07, 3:12 என்று சுமார் ஐந்து நொடித் துண்டு சுழல்கிறது. அதே ஆல்பத்தில் ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றொரு நான்கரை நிமிட டிராக் உண்டு. அதில் மைல்ஸே வாசிக்கவில்லை. டைட்டில் டிராக்கின் செஷனிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுக்குப் பெயர் சூட்டித் தனி டிராக்காக வைத்துவிட்டார்கள்.

வெட்டை நாமே காதால் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதும் சுவாரசியம்தான். கவனிக்க வேண்டியது சிம்பல், அதாவது ட்ரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு. அடித்த சிம்பல் பல நொடி அதிர்ந்து தேய வேண்டும். பாதியில் காணாமல் போனால் அங்கே பிளேடு இறங்கியிருக்கிறது. அடுத்து ட்ரம்பெட் மேலுள்ள எக்கோ. வாசிப்பு நின்ற பிறகும் தொடர வேண்டிய எதிரொலி பட்டென்று அறுந்தால் அதுவும் அடையாளம். மூச்சு எடுக்க இடமே இல்லாமல் ஊதுவாத்தியம் அடுத்த வரியைத் தொடங்குவது, ஒரு கீபோர்டு திடீரென்று இடக் காதிலிருந்து வலக் காதுக்குத் தாவுவது போன்றவையும் சந்தேகத்துக்கு உரியவை. ஆனால் எல்லாரும் சட்டென்று அடங்குவது மட்டும் வெட்டு ஆகாது. மைல்ஸ் கைச் சைகையாலேயே குழுவை நிறுத்தக்கூடியவர். அப்படி நிறுத்தும்போது சிம்பல் இயல்பாகத் தேயும், பியானோ ஒலி அறையில் கரையும். அந்த மிச்சத்தைத்தான் தேட வேண்டும். குறைந்த தரத்தில் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பில் இதெல்லாம் நடக்காது, சிம்பலின் வாலை அது ஏற்கெனவே குழப்பி வைத்திருக்கும்.

பெயர்ப் பட்டியலை நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஜாக் ஜான்சன்’ 1971இல் வந்தது. முதல் பக்கம் ‘ரைட் ஆஃப்’, 1970 ஏப்ரல் 7 பதிவு. மெக்லாஃப்லின் சும்மா ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைவரி) தொடங்க, பேஸில் மைக்கேல் ஹெண்டர்சனும் ட்ரம்ஸில் பில்லி காப்ஹமும் ஒட்டிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் தாண்டியதும் மெக்லாஃப்லின் ஈ சுருதியிலிருந்து பி ஃபிளாட்டுக்குத் தாவுகிறார், ஹெண்டர்சன் அதைக் கவனிக்காமல் ஈயிலேயே நிற்கிறார், அந்த முரண்பாட்டின் நடுவில் மைல்ஸ் ட்ரம்பெட்டோடு நுழைகிறார். பிசகை வெட்டியெறிய மசேரோவுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. எறியவில்லை, ஆல்பத்திலேயே சூடான கணம் அதுதான். இரண்டாம் பக்கம் ‘எஸ்டர்நவ்’ வேறு கதை. அது ஏப்ரல் குழுவோடு தொடங்கி, நடுவில் ‘ஷ்ஷ்/பீஸ்ஃபுல்’ டிராக்கின் துண்டு ஒன்றை நுழைத்து, பிறகு 1970 பிப்ரவரி 18இல் முற்றிலும் வேறொரு குழு வாசித்த பதிவுக்குப் போகிறது. அந்தக் குழுவில் சானி ஷாராக் இரண்டாவது கிட்டார், சிக் கொரியா எலெக்ட்ரிக் பியானோ, டேவ் ஹாலண்ட் பேஸ், ஜாக் டிஜொனெட் ட்ரம்ஸ். எல்பி உறையில் இந்தப் பெயர்கள் இல்லை. ஷாராக்கின் கோரமான கிட்டார் ஒலி மெக்லாஃப்லினுடையது என்று பலர் பல காலம் நம்பிக்கொண்டிருந்ததற்கு உறைதான் காரணம். ஒரே டிராக், மூன்று செஷன், இரண்டு ஆண்டு. ‘இதில் ட்ரம்ஸ் யார்?’ என்ற கேள்விக்கு ‘எத்தனையாவது நிமிடத்தில்?’ என்று ஒரு பழைய ரசிகர் திருப்பிக் கேட்டால் அது திமிர் இல்லை.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். ‘முழு செஷன்கள்’ என்ற சொல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொன்றைக் குறிக்கிறது. இதுதான் பணம் கொடுத்து வாங்குபவர் முதலில் சரிபார்க்க வேண்டியது.

‘இன் எ சைலன்ட் வே’ பெட்டியில் 1968 செப்டம்பர் முதல் 1969 பிப்ரவரி வரையிலான செஷன்கள் உள்ளன, வெட்டாத டேக்குகளும் உண்டு. எல்பியையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், முன்பின் தெரியும். ‘ஜாக் ஜான்சன்’ பெட்டியும் அப்படித்தான்: 1970 பிப்ரவரி முதல் ஜூன் வரை, ஒரே மெட்டின் டேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக. ‘ஆர்ச்சி மூர்’, ‘ஜானி பிராட்டன்’, ‘அலி’ என்று குத்துச்சண்டை வீரர்களின் பெயரில் டிராக்குகள் வரும். மைல்ஸுக்கு அந்த விளையாட்டின் மேல் அவ்வளவு பித்து. ஆனால் 1998இல் வந்த ‘பிட்சஸ் ப்ரூ’ பெட்டியில் அந்த மூன்று ஆகஸ்ட் காலைகளின் வெட்டாத டேக்குகள் கிடையாது. எல்பியில் உள்ள அதே ஆறு டிராக்குகள், அதன் பிறகு 1969 நவம்பரிலிருந்து 1970 பிப்ரவரி வரை, சிதாரும் தபேலாவும் சேர்ந்த வேறு பதிவுகள். மூலத்தைக் கேட்கலாம் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பின்பதிவுகள் மோசமில்லை, ஆனால் ‘முழு’ என்ற சொல்லுக்கு அவை பதில் ஆகாது. ‘ஆன் தி கார்னர்’ பெட்டியோ 1972இலிருந்து 1975 வரை நீள்கிறது. அது ஒரு ஆல்பத்தின் செஷன் என்பதைவிட ஒரு காலகட்டத்தின் கிடங்கு என்பதே சரி. ‘கெட் அப் வித் இட்’, ‘பிக் ஃபன்’ ஆல்பங்களில் வந்தவையும் அதில் கலந்து கிடக்கின்றன.

அடுத்த குழப்பம் ரீமிக்ஸும் ரீமாஸ்டரும். ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன இரண்டு தட மாஸ்டரை எடுத்து, அதன் தெளிவையும் ஒலியளவையும் சரிசெய்வது. வாத்தியங்களின் இடமும் விகிதமும் மாறாது. ரீமிக்ஸ் என்றால் எட்டுத் தட டேப்புக்கே திரும்பிப் போய் புதிதாகக் கலப்பது. 1998 ‘பிட்சஸ் ப்ரூ’ ரீமிக்ஸ். வாத்தியங்கள் துலக்கமாகப் பிரிந்து கேட்கின்றன, பேஸ் கிளாரினெட்டின் வரிகளைக்கூடப் பின்தொடரலாம். ஆனால் பழைய எல்பியில் எல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒரு புகைமூட்டமாக இருந்ததே, அது குறைந்துவிட்டது. வாத்தியம் கற்பவருக்கு ரீமிக்ஸ் பயன்படும். முதல் தடவை கேட்பவருக்குப் பழைய கலவைதான் நல்லது; அந்தப் புகைமூட்டம் தற்செயல் இல்லை, ஆல்பத்தின் குணமே அது. ஒரே ஆல்பத்தைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால், இருவரும் கேட்டது ஒரே கலவையா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பெட்டிகளை மசேரோவே விரும்பவில்லை. ஒதுக்கியதை ஒதுக்கியதாகவே விட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: மரச்சீவலைச் சேர்த்து வைத்தால் நாற்காலி ஆகாது. ஆனால் ‘கோ அஹெட் ஜான்’ மாதிரி ஒன்றைக் கேட்டால் மறுதரப்பு நியாயமும் தெரியும். 1970 மார்ச் 3இல் ஐந்து பேர் வாசித்தது. 1974இல் ‘பிக் ஃபன்’ ஆல்பத்தில் 28 நிமிட டிராக்காக வந்தபோது, ட்ரம்ஸ் இடதும் வலதுமாகப் படபடவென்று மாறுகிறது, மைல்ஸின் ட்ரம்பெட் தன்னோடு தானே சேர்ந்து இரட்டையாக ஒலிக்கிறது. இரண்டும் பின்னால் செய்த ஸ்டூடியோ வித்தை. ‘ஜாக் ஜான்சன்’ பெட்டியில் அதே செஷன் எந்த வித்தையும் இல்லாமல் கிடக்கிறது. டிஜொனெட் என்ன வாசித்தார் என்று அங்கேதான் தெரிகிறது. அதைக் கேட்ட பிறகு, அந்தப் படபடப்பு தேவைதானா என்ற சந்தேகம் வருவதைத் தவிர்க்க முடியாது.

எல்பியின் உடம்பும் கொஞ்சம் கதை சொல்கிறது. 12 அங்குல எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை தாராளமாகப் பதிக்கலாம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் பேஸையும் ஒலியளவையும் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஊசி பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். ‘பிட்சஸ் ப்ரூ’ டைட்டில் டிராக் 27 நிமிடம். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டன் மறைவுக்குப் பின் 1974இல் பதிவான ‘ஹி லவ்டு ஹிம் மேட்லி’ 32 நிமிடம். பழைய எல்பியில் இவை மெலிந்து ஒலிப்பது பிரதியின் குறை அல்ல, நீளத்தின் விலை. இவற்றைச் சிடியில் கேட்பதே மேல்.

எல்லா ஃபியூஷன் ஆல்பமும் இப்படி வெட்டி ஒட்டியதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். மெக்லாஃப்லினின் மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா எழுதி வைத்து, ஒத்திகை பார்த்து, சிக்கலான தாளங்களில் கோர்வை கோர்வையாக வாசித்த குழு. அங்கே பிளேடுக்கு வேலை குறைவு. அவர்கள் 1973இல் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் பதிவுசெய்து, வெளியிடாமல் விட்டு, 1999இல் வந்த ஆல்பத்தின் பெயரிலும் ‘செஷன்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே அதன் பொருள் கைவிடப்பட்ட ஆல்பம். ஹான்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ 1973இல் வந்தது. அதில் ‘கமீலியன்’ டிராக்கின் அந்தப் புகழ்பெற்ற பேஸ் வரியை வாசிப்பது பேஸ் கிட்டார் அல்ல, ஹான்காக்கின் ஆர்ப் ஒடிஸி சின்தசைஸர். இவற்றுக்குள் மசேரோவைத் தேடிப் பயனில்லை.

எந்த வரிசையில் கேட்பது என்றால், ‘இன் எ சைலன்ட் வே’ எல்பியை முதலில், குறைந்தது மூன்று முறை. அதன் பிறகு அதன் பெட்டியிலிருந்து ஒத்திகை டேக்கும் வெட்டாத ‘ஷ்ஷ்/பீஸ்ஃபுல்’ டேக்கும் மட்டும். பெட்டியை ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்க உட்காராதீர்கள். முதல் சிடி 1968இன் வேறு பதிவுகளில் தொடங்குகிறது, எல்பியில் கேட்டது வருவதற்குள் அலுப்புத் தட்டிவிடும். அடுத்து ‘ஜாக் ஜான்சன்’ எல்பி. ராக் இசை கேட்டு வளர்ந்தவர் என்றால் இதிலிருந்தே தொடங்கலாம், தவறில்லை. ‘பிட்சஸ் ப்ரூ’ மூன்றாவது. நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அதை முதலில் எடுத்து, பத்தாவது நிமிடத்தில் மூடிவைத்து, திரும்பி வராமல் போனவர்கள் ஏராளம். ‘ஆன் தி கார்னர்’ கடைசியாக இருக்கட்டும்.

கேட்கும் கருவியில் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை அணைத்துவிடுங்கள்; டிராக்குகளின் தலையையும் வாலையும் அது கரைத்துவிடும். ‘ஷஃபிள்’ கூடவே கூடாது. ‘நார்மலைஸ்’ என்றோ ‘ஒலியளவைச் சமன்செய்’ என்றோ ஒன்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதில் சில, அடங்கிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை அமுக்கிவிடும். அப்போது டோனி வில்லியம்ஸ் பத்து நிமிடத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்து ஒரு கணத்தில் திறந்துவிடுவது உங்களுக்குக் கேட்கவே கேட்காது.